பெங்களூரிலிருந்து சிங்கப்பூர்: தூரமும் நேரமும்

பெங்களூருக்கும் சிங்கப்பூருக்கும் எவ்வளவு தூரம், ஆகாய விமானத்தில் போய்ச் சேர எத்தனை மணி நேரம் என்னும் இரண்டு கேள்விகளும் நம்மவர் வீடுகளில் இன்று சர்வ சாதாரணமாகக் கேட்கப்படுகின்றன. ஹலசூரிலோ சிவாஜிநகரிலோ தலைமுறைகளாக வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் மகனுக்கு அங்கே உத்தியோகம் ஆகியிருக்கும். பேரப்பிள்ளை பிறந்த செய்தி வந்திருக்கும். முதன்முறையாகக் கடல் கடந்து புறப்படும் தாயார் இவ்விரண்டையும் கேட்டே தீருவார். மூவாயிரத்து இருநூறு கிலோமீட்டர் அம்மா, நாலரை மணி நேரம் என்று மகன் பதில் சொல்வான். அது சரியான பதிலே. ஆயினும் பூமியை அளக்கும் சாஸ்திரமும், மேல்வானத்துக் காற்றின் போக்கும், தேசங்கள் தம் கடிகாரங்களுக்கு விதித்துக்கொண்ட சட்டங்களும், நகரத்துச் சாலைகளின் நிலைமையும் அந்த இரண்டு எண்களுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தால், தூரம் மாறாதிருக்க நேரம் மட்டும் ஏன் இத்தனை ரூபங்களில் மாறுகிறது என்பதும், நம்மால் குறைக்கக்கூடிய பகுதி அதில் எது என்பதும் விளங்கும்.

தூரத்தைத் துல்லியமாக அளக்கும் வித்தை இந்நாட்டில் வேரூன்றிய இடங்களுள் பெங்களூரும் ஒன்று என்பதைப் பலர் அறியார். ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த 1799ஆம் ஆண்டுப் போரில் பங்குகொண்ட வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கில இராணுவ அதிகாரி, மறு ஆண்டே பெங்களூருக்கு அருகில் ஓர் அடிக்கோட்டை, அதாவது மற்றத் தூரங்களைக் கணக்கிட ஆதாரமாகும் நேர்கோட்டை, அளந்தார். பின்னர் 1802 ஏப்ரலில், சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஏழரை மைல் நீளத்துக்கு மற்றோர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நூறு அடி நீளமுள்ள உருக்குச் சங்கிலியை மரத் தொட்டிகளில் கிடத்தி, தொட்டிகளை முக்காலிகளின்மேல் ஒரே மட்டமாக நிறுத்தி, வெயில் படாதபடி கூடாரம் போட்டு, உஷ்ணத்தால் உருக்கு எவ்வளவு நீள்கிறது என்பதை அறியப் பக்கத்திலேயே வெப்பமானிகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சங்கிலி நீளமாக அவரும் அவருடைய ஆட்களும் முன்னேறினார்கள். அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்கை மேற்கே கொண்டுவந்து, 1804இல் பெங்களூரில் மறுபடியும் தரையிலே அளந்து சரிபார்த்தபோது, கணக்கில் வந்த நீளத்துக்கும் சங்கிலியில் வந்த நீளத்துக்கும் இருந்த வித்தியாசம் நான்கு அங்குலத்துக்கும் குறைவு. செயற்கைக்கோள்கள் நொடியில் சொல்லிவிடும் தூரத்தை நாம் இன்று சந்தேகமின்றி நம்புவதற்கு, அந்தக் கூடாரங்களுக்குள் மாதக்கணக்கில் குனிந்து நின்றவர்களுடைய பொறுமையும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

சரி, அந்தத் தூரம்தான் எவ்வளவு? தேவனஹள்ளியில் உள்ள கெம்பேகவுடா சர்வதேச விமான நிலையம் வட அட்சரேகை 13.2 பாகையிலும் கிழக்குத் தீர்க்கரேகை 77.7 பாகையிலும் இருக்கிறது. சிங்கப்பூரின் சாங்கி நிலையம் பூமத்திய ரேகைக்கு 1.35 பாகையளவே வடக்கே, கிழக்கில் 104ஆவது பாகையை ஒட்டி இருக்கிறது. உருண்டையான பூமியின்மேல் இரண்டு இடங்களுக்கிடையே மிகக் குறுகிய பாதை பெருவட்டத்தின் வில்லாகவே அமையும் என்ற விதிப்படி கணக்கிட்டால், சுமார் 3,180 கிலோமீட்டர் என்று விடை வருகிறது. விமானிகளின் கணக்கில் 1,700 கடல் மைலுக்குச் சற்று அதிகம். விமானம் இந்த வில்லிலேயே எப்போதும் பறப்பதில்லை. வான்பாதைகள் வகுக்கப்பட்டவை, சென்னை, கோலாலம்பூர், சிங்கப்பூர் முதலிய கட்டுப்பாட்டு நிலையங்கள் ஒன்றிடமிருந்து மற்றொன்று விமானத்தை ஏற்றுக்கொள்ளும் புள்ளிகள் நிர்ணயிக்கப்பட்டவை, இடிமேகம் எழுந்தால் விலகிப் போகவும் வேண்டும். ஆதலால் பறக்கும் தூரம் ஏட்டுத் தூரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

அந்த வில் எந்தெந்த ஊர்களின்மேல் போகிறது என்று தேசப்படத்தை வைத்துக்கொண்டு பார்ப்பது ஓர் அலாதியான இன்பம். தேவனஹள்ளியை விட்டுத் தென்கிழக்காகத் திரும்பும் அது, ஆரணி, வந்தவாசிப் பக்கமாகச் சென்று, மரக்காணத்தின் அருகே கடலில் இறங்குகிறது. அப்பால் வங்காள விரிகுடாவின் அகலம் முழுவதையும் கடந்து, பெரிய நிக்கோபார்த் தீவின் தென்முனைக்குச் சற்றுத் தெற்கே சென்று, சுமத்திராவின் வடகோடியாகிய ஆச்சே நாட்டைத் தொட்டு, மலாக்கா நீரிணையை ஒட்டியே சிங்கப்பூரை அடைகிறது. முதலாம் இராஜேந்திர சோழனுடைய மெய்க்கீர்த்தியைப் படித்தவர்களுக்கு இந்தப் பாதை புதிதன்று. 1025ஆம் ஆண்டையொட்டி அவன் கடற்படை வென்றதாக அது கூறும் ஸ்தலங்களுள் மாநக்கவாரம் என்பது நிக்கோபார்த் தீவுகள். இலாமுரிதேசம் என்பது ஆச்சே. கடாரம் மலாயாவின் கெடா. தஞ்சைக் கல்வெட்டில் பொறிக்கப்பட்ட அந்த வரிசைக்கும் இன்றைய பெருவட்டத்துக்கும் இத்தனை நெருக்கம் இருப்பது தற்செயல் என்று தள்ளிவிடக்கூடியதன்று. தமிழகக் கரையிலிருந்து மலாக்கா நீரிணைக்குச் செல்ல இயற்கை வைத்த வாசல் அந்தத் தீவுகளுக்கும் சுமத்திராவின் முனைக்கும் இடையேதான் இருக்கிறது. மரக்கலமானாலும் ஜெட் விமானமானாலும் நேர்வழி அதன் ஊடாகவே செல்கிறது.

சோழர் காலத்து மாலுமி காற்றுக்காகக் காத்திருந்தான். நீராவிக் கப்பல் வந்த பிறகு காத்திருப்பு நீங்கியது, ஆனால் கடல் சுருங்கிவிடவில்லை. நம் பாட்டன்மார் சிங்கப்பூரென்றும் பினாங்கென்றும் சொல்லும்போது அவர்கள் மனத்தில் எழுந்த சித்திரம் ‘ரஜூலா’ என்னும் கப்பலே. 1926இல் கட்டப்பட்ட அக்கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஜனங்களை ஏற்றிக்கொண்டு பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு ஏறக்குறைய ஒரு வாரத்தில் போய்ச் சேர்ந்தது. 1973 வரை இந்தத் தொண்டைச் செய்தது. பெங்களூரிலிருந்து புறப்படுபவர் 1864இலேயே வந்துவிட்ட ரயில் பாதையில் ஜோலார்பேட்டை மார்க்கமாகச் சென்னைக்குப் போய்த் துறைமுகத்தில் தங்கி, கப்பல் கிளம்பும் நாளுக்குக் காத்திருப்பார். மேல்தட்டிலே பாயை விரித்து, சொந்தப் பாத்திரங்களையும் ஊறுகாய் ஜாடியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கழிந்த அந்த ஏழு நாட்களில் குடும்பங்களுக்குள் சிநேகமும் சம்பந்தமும் உண்டானதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ரஜூலாவுக்குப் பின் அந்த மார்க்கத்தில் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பலில் 1985 பிப்ரவரியில் நேர்ந்த தீ விபத்தோடு கடல்வழிப் பிரயாணிகளின் அத்தியாயம் முடிந்தது. ஒரு வாரம் என்ற கணக்கு நாலரை மணி என்று ஆனதற்கு இடையில் ஒரு தலைமுறைகூட முழுதாகக் கழியவில்லை.

ஆகாய மார்க்கம் இதற்கு வெகு காலம் முன்பே பிறந்துவிட்டது. 1932 அக்டோபர் 15ஆம் தேதி ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானத்தை ஓட்டிவர, அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுசேர்த்தார். 1940இல் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் சமஸ்தானத்தின் ஆதரவோடு பெங்களூரில் விமானத் தொழிற்சாலையை நிறுவினார், இன்றைய எச்.ஏ.எல். அதுவே. அத்தொழிற்சாலையின் ஓடுபாதையே நகரத்தின் விமான நிலையமாக 2008 மே 24 வரை பயன்பட்டது. அன்று முதல் தேவனஹள்ளியில் புதிய நிலையம் இயங்கத் தொடங்கியது.

விமானங்களின் வேகத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும். இதைக் கேட்பவர் பெரும்பாலோர் ஆச்சரியப்படுகின்றனர். 1960இல் ஏர் இந்தியா நிறுவனம் பறக்கவிட்ட போயிங் 707 விமானத்தின் வேகத்தைவிட, இன்று பெங்களூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே பறக்கும் விமானங்கள் அதிக வேகமாகச் செல்வதில்லை. அன்றும் இன்றும் மணிக்கு 850 முதல் 900 கிலோமீட்டர் என்பதே வழக்கமான அளவு. யந்திரங்கள் எரிபொருளைச் சிக்கனப்படுத்தக் கற்றன. சத்தத்தைக் குறைக்கக் கற்றன. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்றின் எதிர்ப்பு திடீரென்று பெருகுவதால், அந்த எல்லைக்கு இப்பாலேயே நின்றுகொள்ளவும் கற்றன. எல்லையைத் தாண்டிய ‘கான்கார்ட்’ விமானம் 1977 டிசம்பரில் லண்டனிலிருந்து பஹ்ரைன் வழியாகச் சிங்கப்பூர் வரை வந்ததுண்டு. அதன் அதிர்வொலி காரணமாக மலேசியா ஆட்சேபித்தது. இந்தியா தன் நிலப்பரப்பின்மேல் ஒலியை மிஞ்சிய வேகத்தில் அது பறப்பதற்கு இசையவில்லை. 1980இல் அந்தச் சேவை நின்றது. ஆகவே மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரை 870ஆல் வகுத்தால் வரும் மூன்றே முக்கால் மணிக்குச் சற்றுக் குறைந்த காலத்தோடு, தரையில் உருளுவதும் மேலேறுவதும் இறங்கும் முறைக்குக் காத்திருப்பதும் சேர்ந்தே நாலரை மணி ஆகிறது. விமானக் கம்பெனியார் அட்டவணையில் அச்சிடும் நேரம், நிலையத்தை விட்டு விமானம் நகரும் கணம் முதல் மறு நிலையத்தில் வந்து நிற்கும் கணம் வரை எண்ணப்படுவது; தாமதத்துக்கென்று சிறிது உபரியும் அதில் வைத்திருப்பார்கள்.

காற்றின் சங்கதி இதைவிட ரசமானது. வடஇந்தியாவிலிருந்து கிழக்கே பறப்பவர்களுக்குப் பனிக்காலத்தில் மேற்கிலிருந்து வீசும் வலிய மேல்வானக் காற்று பெருந்துணை செய்கிறது. தென்னாட்டின் நிலை வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று தரையையொட்டி மேற்கிலிருந்து கிழக்காக வீசிக்கொண்டிருக்கும் அதே காலத்தில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு மேலே அதற்கு நேர் எதிராக, கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி, மிகுந்த வேகத்துடன் ஒரு காற்றோடை தீபகற்பத்தின்மேல் பாய்கிறது. வெப்ப மண்டலக் கீழைக் காற்றோடை எனப்படும் இதை ஆராய்ந்து 1958இல் உலகுக்கு விளக்கியவர் இந்திய வானிலைத் துறையின் பி. கோட்டீஸ்வரம், பிற்காலத்தில் அத்துறையின் தலைமை இயக்குநராகவும் விளங்கியவர். திபெத்தியப் பீடபூமி கோடையில் சூடேறி மேல்வானத்தில் உஷ்ணமான காற்றுக் குவியலை உண்டாக்குவதற்கும் இந்த ஓட்டத்துக்கும் உள்ள தொடர்பை அவர் எடுத்துக்காட்டினார்.

இதன் விளைவு பிரயாணிக்கு நேரடியாகத் தெரியும். இராஜேந்திரனுடைய மரக்கலங்களைக் கிழக்கே உந்தித் தள்ளியிருக்கக்கூடிய அதே பருவத்தில், சிங்கப்பூர் செல்லும் விமானம் எதிர்காற்றை வெட்டிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. திரும்பி வரும் விமானத்துக்கோ அக்காற்றே முதுகில் கைவைத்துத் தள்ளும் துணையாகிறது. மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் எதிர்காற்று என்று வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தால் போகும்போது பன்னிரண்டு பதின்மூன்று நிமிஷம் கூடுகிறது. வரும்போது ஏறக்குறைய அதே அளவு குறைகிறது. இருக்கைக்கு முன்னால் உள்ள சிறு திரையில் விமானத்தின் தரைவேகம் என்று ஓர் எண் ஒளிர்ந்துகொண்டே இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆடி மாதத்தில் போகையில் 820 என்றும், அதே உயரத்தில் வருகையில் 920 என்றும் அது காட்டினால், விமானி கையாண்ட வேகத்தில் வித்தியாசம் ஏதும் இல்லை என்பதையும், வித்தியாசம் முழுவதும் காற்றினுடையது என்பதையும் நினைவில் வைத்தல் நலம்.

இனிக் கடிகாரம். இரவு பதினொரு மணிக்குத் தேவனஹள்ளியில் ஏறும் தாயாருக்கு நள்ளிரவில் உணவுத் தட்டு வருகிறது. உண்டு முடித்துக் கண் அயர்ந்த சற்று நேரத்துக்கெல்லாம் விளக்குகளை ஏற்றி, இருக்கையை நிமிர்த்தச் சொல்கிறார்கள். இறங்கிப் பார்த்தால் காலை ஆறு மணி. ஏழு மணி நேரம் சென்றதாகக் கடிகாரம் சொல்கிறது, உறங்கியதோ மூன்று மணி நேரம்கூட இராது. திரும்பும்போது காலை எட்டு மணிக்குப் புறப்பட்டால் பத்து மணிக்கே பெங்களூரில் இறங்கிவிடலாம். இந்திய நேரம் கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி முந்தியது, சிங்கப்பூர் நேரம் எட்டு மணி முந்தியது, ஆகையால் இடைவெளி இரண்டரை மணி என்று சொல்லிவிட்டு இந்தப் பொருளை விட்டுவிடலாம். ஆனால் சூரியனைச் சாட்சியாக வைத்தால் கணக்கு வேறாகிறது. இரு நகரங்களுக்கும் இடையே உள்ள தீர்க்கரேகை வித்தியாசம் இருபத்தாறு பாகை; பாகைக்கு நான்கு நிமிஷமாகச் சூரியன் எடுத்துக்கொள்வது ஒன்றே முக்கால் மணி மட்டுமே. எஞ்சிய முக்கால் மணி மனிதர் சேர்த்தது.

அது சேர்ந்த வரலாறு சுருக்கமாக இது. ஒரு காலத்தில் சென்னை வானாராய்ச்சி நிலையத்தின் நேரமே நம் ரயில்களை நடத்தியது. 1906இல் 82½ பாகையை ஆதாரமாகக் கொண்ட இந்திய நேரம் ஏற்பட்டபோது, அதற்கு மேற்கே இருக்கும் பெங்களூரின் கடிகாரம் தன் சூரியனைவிட இருபது நிமிஷம் முந்திக்கொண்டது. சிங்கப்பூர் இன்னும் அதிகமாக முந்தியது. 1942இல் ஜப்பானியர் கைப்பற்றியபோது டோக்கியோவின் நேரமே அங்கே திணிக்கப்பட்டது. யுத்தத்துக்குப் பின் ஏழரை மணிக் கணக்கு வந்தது. மலேசியா தன் கிழக்குப் பகுதிகளோடு ஒரே நேரத்தை வைத்துக்கொள்ளத் தீர்மானித்ததை அனுசரித்துச் சிங்கப்பூரும் 1982 ஜனவரி முதல் தேதியிலிருந்து அரை மணி முன்னே நகர்ந்தது. அதற்கு முந்திய நாள்வரை பெங்களூருக்கும் சிங்கப்பூருக்கும் இடைவெளி இரண்டு மணியாக இருந்தது. இன்று சிங்கப்பூரில் ஏழு மணியானாலும் பொழுது சரியாக விடியாதிருப்பதைக் கண்டு புதிதாகப் போனவர்கள் மலைப்பதற்குக் காரணம் இதுவே.

இதுவரை கண்டது ஆகாயமும் கடிகாரமும். பிரயாணத்தில் பாதிக்கு மேற்பட்ட நேரத்தை விழுங்கும் பகுதி இவ்விரண்டிலும் இல்லை. மகாத்மா காந்தி சாலையிலிருந்து தேவனஹள்ளி ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டர். எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஐம்பதுக்கு மேல். மாலை ஆறு மணிக்கு ஹெப்பாள் மேம்பாலத்தை நெருங்கும் வாடகைக் காரில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு, கிலோமீட்டர் என்பது எத்தனை பொய்யான அளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முன்னால் வாயு வஜ்ரா பஸ், பக்கத்தில் தண்ணீர் லாரி, இடையில் புகுந்து நிற்கும் ஆட்டோக்கள். ஓட்டுநர் யந்திரத்தை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்குகிறார். பின்னிருக்கையில் இருப்பவர் பாஸ்போர்ட்டை மறுபடியும் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். இரண்டு மணி நேரம் வழியில். சர்வதேசப் பிரயாணத்துக்கு மூன்று மணி முன்னதாக வரவேண்டும் என்பதால் மூன்று மணி நிலையத்தில். அதன் பிறகே நாலரை மணி வானத்தில். மூங்கிலால் விதானமிட்டுத் தோட்டங்களைத் தொங்கவிட்ட இரண்டாவது முனையம் அழகில் குறைந்ததன்று. 2022 நவம்பர் 11இல் திறக்கப்பட்டு, மறு ஆண்டு செப்டம்பர் முதல் சர்வதேச விமானங்களுக்கு உரியதான அந்தக் கட்டடத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அதன் வாசலை அடையும் வழி அந்த அழகுக்கு ஈடாகவில்லை.

மறுகரையில் நிலைமை வேறு. சாங்கி நிலையத்துக்கு 2002 முதலே மெட்ரோ ரயில் உண்டு. இறங்கியவர் ஒரு மணிக்குள் லிட்டில் இந்தியாவில் காப்பி குடிக்கலாம். தேவனஹள்ளிக்கு ரயில்வேயார் 2021 ஜனவரியில் ஒரு சிறு நிறுத்தம் அமைத்தார்கள். ஓடும் வண்டிகளோ சொற்பம். நம்ம மெட்ரோவின் நீலப் பாதை விமான நிலையம் வரை போகவேண்டியது. தூண்கள் எழும்பிப் பணி நடந்துகொண்டிருக்கிறது. விமான நிலையம் திறந்து பதினைந்து ஆண்டுகள் கடந்த பிறகும் இப்படியிருப்பது, இந்நகரத்தை நேசிக்கும் எவருக்கும் வருத்தம் தருவதாகும்.

குறுகிய தூரத்துக்கு விமானம் எவ்வளவு அனுகூலம் என்பதையும் இந்த நோக்கில் பார்க்கலாம். பெங்களூரிலிருந்து சென்னை ஆகாய மார்க்கத்தில் சுமார் 270 கிலோமீட்டர்; சிங்கப்பூர் அதைப்போல் பன்னிரண்டு மடங்கு. நேரமோ சென்னைக்கு ஒரு மணி, சிங்கப்பூருக்கு நாலரை மணி. ஏறவும் இறங்கவும் செலவாகும் காலம் எல்லாத் தூரத்துக்கும் ஒன்றே ஆனதால் அருகில் உள்ள ஊருக்குப் பறப்பவரே அதிக விலை கொடுக்கிறார். இரண்டாவது முனையத்தைத் திறந்த அதே நாளில் மைசூர்–சென்னை வந்தே பாரத் ரயிலும் தொடங்கியது. அது பெங்களூரிலிருந்து 360 கிலோமீட்டரைக் கடந்து சென்னையை அடையவும் சுமார் நாலரை மணியே ஆகிறது. நகர மத்தியில் ஏறி நகர மத்தியில் இறங்கும் வசதியைக் கணக்கில் சேர்த்தால், சென்னைக்கு ரயிலே மேல் என்பது என் துணிபு.

சிங்கப்பூருக்கு அத்தகைய மாற்று இல்லை. ஆகவே தரையில் கழியும் ஐந்து மணியைக் குறைப்பதொன்றே வழி. 2024 ஜூன் 27இல் தமிழகச் சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின், ஓசூரில் இரண்டாயிரம் ஏக்கரில் ஆண்டுக்கு மூன்று கோடிப் பிரயாணிகளைக் கையாளத்தக்க விமான நிலையம் அமைக்கப்படும் என்று அறிவித்தார். எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஓசூர் இருபது கிலோமீட்டர்தான். ஆனால் தேவனஹள்ளி நிலையத்துக்கு அளிக்கப்பட்ட உரிமையின்படி, நூற்றைம்பது கிலோமீட்டர் தூரத்துக்குள் புதிய சர்வதேச நிலையம் எழுவதற்கு 2033 வரை தடை இருக்கிறது. கர்நாடக அரசோ தன் இரண்டாவது நிலையத்துக்கு இடம் தேடுகிறது. எந்த மாநிலத்தின் எல்லைக்குள் ஓடுபாதை போடப்படுகிறது என்பதில் எனக்குப் பிடிவாதம் கிடையாது. கான்கார்ட் போன்ற விமானமே இந்த வழியில் பறந்திருந்தாலும் இரண்டு மணிக்குமேல் மிச்சமாகியிராது. தென்பெங்களூர்வாசிக்குப் பக்கத்திலேயே ஒரு நிலையமும், வடக்கே நீலப் பாதையில் ஓடும் ரயிலும் வந்துவிட்டால், போக வர ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணி நேரம் மிச்சமாகும். ஒலியின் வேகத்தோடு போராடவேண்டிய அவசியம் அதற்கு இல்லை. இரண்டு அரசுகளும் ஒரு மேஜையில் உட்கார்ந்து பேசினால் போதும்.